தொடர்கதைக்குப் பின்பக்கம்

பூந்தமல்லியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய சாமான்களைத் தரையில் பரப்பி விற்கிறார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. மலேசியாவில், எங்கள் ஈப்போவிலும் ஞாயிறு சந்தை உண்டு. அங்கே பழைய பத்திரிகைகளை ஒவ்வொன்றாகப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, கிளிப் மாட்டிக் கொடியில் தொங்கவிட்டிருப்பார்கள். தொட்டால் கடைக்காரரின் முகம் மாறும். இங்கே ஒரு கோணியைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, உட்காருவதற்கு ஒரு காலி பெயிண்ட் டப்பாவையும் கொடுக்கிறார்கள். எனக்கு இந்த முறை பிடித்திருந்தது. என் முழங்காலுக்குத்தான் பிடிக்கவில்லை.

வந்த காரியத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அம்மாவுக்கு எனக்கு முன்னால் ஒரு மகன் பிறந்தான். பெயர் குமரேசன். ஒன்றரை வயதில் காய்ச்சலில் போய்விட்டான். அவனை ஒரே ஒருமுறைதான் ஸ்டூடியோவுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள், எடுத்ததும் ஒரே பிரதிதான். அதை அம்மா சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு வாரப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டார். வாசகர்களின் பிள்ளைகள் படத்தை 'செல்ல முகங்கள்' என்று ஒரு பக்கத்தில் போடுவார்களாம். பத்திரிகை கப்பலில் வந்து சேர்வதற்குள் பிள்ளை போய்விட்டான். இனி இந்தப் புத்தகத்தை வீட்டுக்குப் போடாதே என்று அப்பா கடைக்காரரிடம் சொல்லிவிட்டார். பினாங்கில் இருந்த சித்தி பார்த்துவிட்டு, மார்ச் மாதத்தில் ஏதோ ஒரு வாரம் படம் வந்தது என்று சொன்னதோடு சரி.

அப்பா இருந்தவரை அம்மா இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. போன வருடம் அப்பா காலமானார். காரியம் முடிந்த மறுநாள், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என்னிடம் வந்து, "அந்தப் புத்தகம் எங்கேயாவது கிடைக்குமா?" என்று கேட்டார். "அவன் முகம் எனக்கு மறந்துபோச்சும்மா" என்றார். எண்பதைத் தாண்டிய அம்மா இப்படிச் சொன்னபிறகு நான் எப்படிச் சும்மா இருப்பது? அந்தப் பத்திரிகை நின்று பல காலம் ஆகிறது. விசாரித்த நூலகத்தில் அந்த வருடக் கட்டு இருந்தது, அதில் மார்ச் மாதம் மட்டும் இல்லை. மிச்சம் இருந்தது பழைய புத்தகச் சந்தைதான்.

கோணிக்குச் சொந்தக்காரர் பாஷா பாய். சுவர்க் கடிகாரம், பீங்கான் ஜாடி, ஓடாத மின்விசிறி எல்லாம் வைத்திருந்தார். பத்திரிகைகள் அவருக்கு இரண்டாம் பட்சம். எனக்கோ அந்தக் குவியலை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. யாரோ பாதி நிரப்பிவிட்டுத் தோற்றுப்போன குறுக்கெழுத்துப் போட்டி. அட்டைப்பட நடிகைக்குப் பேனாவால் போட்ட மீசை. சமையல் குறிப்புப் பக்கத்தில் எண்ணெய்க் கறை இருந்ததால் அந்தக் குறிப்பை யாரோ செய்து பார்த்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. கூந்தல் தைல விளம்பரத்தில் இருக்கிற பெண்ணுக்கு முழங்காலுக்குக் கீழே தலைமுடி. இவற்றையெல்லாம் படித்துக்கொண்டே இருந்ததில் வந்த வேலை மறந்துபோய், பிறகு என்னை நானே திட்டிக்கொண்டேன்.

எனக்கு வேண்டிய வருடத்து மார்ச் இதழ் ஒன்று கிடைத்தது. பொருளடக்கத்தில் 'செல்ல முகங்கள்' இருந்தது. புரட்டினால் நடுவில் எட்டுப் பக்கத்தைக் காணோம். கம்பிப் பின்னை நீக்கி, பக்கங்களை உருவி எடுத்து, பின்னை மறுபடி மடக்கிவிட்டிருந்தார்கள். இன்னொரு மார்ச் இதழும் அகப்பட்டது. அதிலும் அதே எட்டுப் பக்கம் இல்லை.

"இன்னா பாய் இது, எல்லாமே கிழிச்ச புத்தகமா இருக்கு?" என்று கேட்டேன். இரண்டு மணி நேரத்தில் எனக்கே 'இன்னா' ஒட்டிக்கொண்டுவிட்டது.

"நடுவுல தொடர்கத வரும்ல? அத உருவிக்கினுதான் எடைக்கிப் போடுவாங்க. கதய சேத்து பைண்ட் பண்ணி ஊட்ல வெச்சிப்பாங்க. இன்னாமா, உங்க ஊர்ல இல்லியா இது?"

ஏன் இல்லை? எங்கள் வீட்டிலும் செய்தோம். ஒரு கதை முடியும்வரை வாராவாரம் உருவி, மெத்தைக்கு அடியில் சேர்த்து, கடைசியில் பைண்டிங் கடையில் கொடுத்து அட்டை போட்டு வாங்குவோம். ஆனால் அப்படி உருவும்போது பின்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று யார் பார்த்தோம்? கிழிக்காத ஒரு மே மாத இதழைத் தேடியெடுத்துப் பார்த்தேன். தொடர்கதையின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினால் 'செல்ல முகங்கள்'. கதையைக் கொண்டுபோனவர்கள் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த பிள்ளைகளையும் சேர்த்தே கொண்டுபோய்விட்டார்கள்.

அப்படியானால் நான் தேடவேண்டியது பத்திரிகையை அல்ல. கதையை பைண்ட் செய்து வைத்திருக்கும் ஒரு ஆளை. பாயிடம் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"திருமுல்லைவாயில்ல ஒரு அம்மா கீது. சரோஜாம்மான்னு. பீரோ ரொம்ப பைண்ட் புக்கு. அவங்க புள்ள எடைக்கிப் போடறேன்னு என்னிய கூப்ட்டாரு. தராச எட்த்துகினு போனேன். அந்தம்மா தொடப்பத்த எட்த்துகினு வந்துச்சு." வழியைச் சொல்லிவிட்டு, "பாத்துப் போ" என்றார்.

மதியம் பூந்தமல்லியில் பிரியாணி சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. கூடக் கொடுத்த கத்தரிக்காய்த் தொக்கு அதைவிட நன்றாக இருந்தது. எங்கள் ஊர் பிரியாணிக்கு அன்னாசிப் பச்சடி வைப்பார்கள். இதை அம்மாவிடம் சொன்னால் அவர் கத்தரிக்காய்க் கட்சியில்தான் சேருவார்.

மறுநாள் அம்பத்தூரில் நான் தங்கியிருந்த லாட்ஜுக்குக் கீழே இட்லியும் வடகறியும் சாப்பிட்டுவிட்டு ரயில் ஏறினேன். அடுத்த ஸ்டேஷனே திருமுல்லைவாயில்தான், குழந்தைகூடப் போய்விடும் என்று லாட்ஜில் சொன்னார்கள். பெண்கள் பெட்டியில் ஓர் அம்மாள் மடியில் கீரையைப் போட்டு ஆய்ந்துகொண்டிருந்தார். நான் கதவருகே எழுந்து நின்றேன். வண்டி வேகம் குறையாமல் ஸ்டேஷனைத் தாண்டியது.

"அய்ய, இது பாஸ்ட்டுமா. அங்கலாம் நிக்காது. இனிமே ஆவடிதான்" என்றார் கீரை அம்மாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அது வர்றதுக்குள்ள இத ஆய்ஞ்சி குடு" என்று பாதிக் கட்டை என் கையில் திணித்தார். அண்ணனூர் பணிமனையில் வரிசையாக நிற்கும் ரயில் பெட்டிகளைப் பார்த்தபடி முளைக்கீரை ஆய்ந்தேன். ஈப்போ ரயிலில் பக்கத்து இருக்கைக்காரரிடம் நேரம் கேட்கவே நான் தயங்குவேன். ஆவடியில் இறங்கி, எதிர்ப்பக்கம் போய், நின்று போகிற வண்டியில் திரும்பி வந்தேன்.

சரோஜாம்மாவின் வீடு கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. கிரில் கேட், உள்ளே மரக்கதவு. மணியை அடித்ததும் எழுபதைத் தாண்டிய, நல்ல உயரமான ஓர் அம்மாள் வந்து நின்றார்.

"யாரும்மா?"

"பூந்தமல்லி பாஷா பாய் சொல்லி அனுப்பினாருங்க. உங்ககிட்ட பழைய பைண்ட் புக் இருக்குன்னு..."

அவர் முகம் இறுகிவிட்டது. "எம் புள்ள அனுப்சானா? எடைக்கிப் போட ஒண்ணியும் இல்ல. போ, போ."

கதவு சாத்தப்பட்டது. "நான் மலேசியாவிலிருந்து வர்றேன்" என்று கதவைப் பார்த்துச் சொன்னேன். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த அம்மாள் மீது அல்ல, என் வாய் மீது. துடைப்பம் எடுத்தார் என்று பாய் அத்தனை தெளிவாகச் சொல்லியிருந்தும், பாயின் பெயரையே சொல்லிக்கொண்டு போய் நின்ற என்னை என்னவென்று சொல்வது?

அன்று மாலை அம்மா போனில் கேட்டார். "கிடைச்சுதா?"

"தேடிக்கிட்டிருக்கேன்மா."

"கிடைக்கலேன்னா விட்டுடு. அலையாதே" என்றார். எழுந்திருக்க முடியாத காய்ச்சலிலும் எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லும்போது இதே குரலில்தான் பேசுவார். அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் காலை, நின்று போகும் வண்டிதானா என்று மூன்று பேரிடம் கேட்டுவிட்டு ஏறினேன். சரோஜாம்மா சந்து முனையில் காய்கறி வண்டிக்காரரிடம் முருங்கைக்காய் முற்றல் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பையை எடுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். நான் பின்னாலேயே போனேன்.

"எனக்கு உங்க கதை வேண்டாம்மா. கதைக்குப் பின்பக்கம் இருக்குல்ல, அதுதான் வேணும்."

அவர் நின்றார். "பின்பக்கமா? அதுல இன்னா கீது? தைல வெளம்பரம்தான் கீது."

"அதுல எங்க அண்ணன் இருக்கான்."

வெயிலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவன் முகம் மறந்துபோச்சு என்று அம்மா சொன்னதையும் சொன்னேன். அவர் வீட்டு வாசலுக்கு நடந்து போய்க் கிரில் கதவைத் திறந்தார். "செருப்ப உள்ள வுடு. நாய் தூக்கிகினு போய்டும்" என்றார்.

டீ போட்டுக் கொடுத்தார். அவர் அந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர். ஆவடியில் ராணுவத்துக்குத் துணி தைக்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றிருக்கிறார். கதைகளை அவர் பைண்டிங் கடைக்குக் கொடுக்கவில்லை. வீட்டுத் தையல் மெஷினிலேயே கனத்த ஊசி போட்டு, பச்சை நூலில் ஓரத்தோடு ஓட்டித் தைத்திருந்தார். "அவன் நாலு எடத்துல ஓட்ட போட்டு கட்டிக் குடுப்பான். நாலு தபா படிச்சா பிச்சிகினு பூடும். என்னுது பாரு" என்று ஒன்றை எடுத்து உதறிக் காட்டினார். உண்மைதான், ஒரு தாள்கூட அசையவில்லை. ஆனால் அந்தத் தையல் பக்கத்தின் உள்ளோரத்தை ஒரு விரற்கடை அளவுக்குத் தின்றிருந்தது.

எனக்கு வேண்டிய வருடத்துக் கதையை அவரே தேடியெடுத்தார். என்னைத் தொடவிடவில்லை. "டீ குட்ச்ச கை" என்றார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக்கொண்டே கதையையும் சொன்னார். ஒரு டாக்டர், அவனைக் காதலிக்கும் அக்கா தங்கை இரண்டு பேர். "எத்தினி தபா படிச்சாலும் இவன் தப்பானவளத்தான் கட்டிக்கிறான்" என்று அலுத்துக்கொண்டார். ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் பக்கம் திரும்பும்போது நான்கு நான்கு பிள்ளைகள் வந்து போனார்கள்.

மார்ச்சில் மூன்றாவது வாரம். வெளிப்பக்க மூலையில் உருண்டையாக ஒரு குழந்தை, மொட்டைத் தலை, இடுப்பில் ஒரு ஜட்டி, வாயெல்லாம் சிரிப்பு. கீழே, 'குமரேசன், ஈப்போ, மலேசியா.'

நான் அழுதுவிட்டேன். இத்தனை சிரித்த பிள்ளையா போய்விட்டது என்று தோன்றியது. மூக்கு என்னுடையது போலவே இருந்தது. சரோஜாம்மா என் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டு, "பக்கத்துல சிந்தாத" என்று புத்தகத்தை நகர்த்தினார்.

அம்மாவுக்கு வீடியோவில் கூப்பிட்டேன். உள்ளே சிக்னல் இல்லை. இரண்டு பேரும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்தோம். அம்மா போனைக் கண்ணுக்கு மிக அருகில் வைத்துக்கொள்வார். திரையில் அவருடைய நெற்றியும் விபூதியும் மட்டும் தெரிந்தன. படத்தைக் காட்டினேன்.

நெற்றி திரைக்கு இன்னும் கிட்டே வந்தது. "இது யாரு?" என்றார்.

"அண்ணன்மா. பேரு போட்டிருக்கு பாருங்க."

"இது நம்ம பிள்ளை இல்லை."

எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது. முகம் மறந்துபோச்சு என்று சொன்னவர் இவர்தானே. "நல்லாப் பாருங்கம்மா" என்றேன்.

"அவனுக்கு ஏதுடி மொட்டை? முடி இறக்கிறதுக்கு முன்னாடி படம் எடுத்துடணும்னுதானே ஸ்டூடியோவுக்கே போனோம். கவுன் போட்டு, ஜடை பின்னி, பூ வச்சு எடுத்தது."

நானும் சரோஜாம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். மொட்டை அடிப்பதற்கு முன் ஆண் பிள்ளைக்குப் பெண் வேஷம் போட்டு அழகு பார்ப்பது எங்கள் எல்லார் வீட்டிலும் உண்டு. என் மகனுக்கே நான் செய்திருக்கிறேன். அவன் கல்யாணத்துக்கு முன்னால் அந்தப் படத்தை ஆல்பத்திலிருந்து எடுத்து ஒளித்துவிட்டான். அம்மா பிள்ளைக்கு எதைப் போட்டுப் படம் எடுத்தார் என்று ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

சரோஜாம்மாதான் முதலில் விரலை வைத்தார். மொட்டைக் குழந்தைக்குப் பக்கத்தில், தையல் ஓரமாக, சடை போட்டு ஒரு குழந்தை. கீழே, 'ரேவதி, பல்லாவரம்.' பத்திரிகையில் வேலை பார்த்தவர் கையில் இரண்டு படமும் இரண்டு பெயரும் இருந்திருக்கும். பூ வைத்தது பெண், மொட்டை பையன் என்று பெயரை மாற்றிப் போட்டுவிட்டார். நான் சற்று முன்னால் கண்ணீர் விட்டது பல்லாவரத்து ரேவதிக்காக. அவர் எங்கேயோ பேரன் பேத்தியோடு நன்றாக இருப்பார் என்று நினைக்கிறேன்.

போனை அந்தப் படத்துக்கு நேராகப் பிடித்தேன். கவுனும், தோளில் விழுந்த சடையும், ஒரு கையும் தெரிந்தன. முகத்தில் பாதிதான் இருந்தது. மறுபாதி பச்சைத் தையலுக்குள் போயிருந்தது. பக்கத்தை அழுத்திப் பிடித்துப் பார்த்தேன். ஊசி நெருக்கமாக ஓடியிருந்ததால் கொஞ்சமும் விரியவில்லை.

"கவுன் நான் தைச்சது" என்றார் அம்மா. "மூஞ்சி பாதிதான் தெரியுது. சரி, போதும். இவ்வளவு கிடைச்சதே போதும்."

அந்தப் 'போதும்' எனக்குத் தாங்கவில்லை. சரோஜாம்மாவிடம் எதையும் கேட்க எனக்கு வாய் வரவில்லை. புத்தகத்தைத் தொடக்கூட என்னை விடாதவர் அவர். அவரோ எழுந்து உள்ளே போனார். வரும்போது கையில் பிளேடு இருந்தது. புத்தகத்தை மடியில் போட்டு, முதல் தையலின் அடியில் பிளேடு முனையை விட்டு அறுத்தார். அடுத்தது, அதற்கடுத்தது. பச்சை நூல் துண்டு துண்டாகப் படியில் விழுந்தது.

"அம்மா, வேணாம், கதை பிரிஞ்சிடும்" என்றேன்.

"கத எனுக்கு மனப்பாடம். நீ போன ஒயுங்காப் புடி."

பக்கம் விரிந்தது. பெரிய கண்கள், கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு, காதோரம் தொங்கும் மல்லிகை. மூக்கு என்னுடையது போல இல்லவே இல்லை. அப்பாவின் மூக்கு.

அம்மா போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். முதல் முறையாக அவர் முகம் முழுதாகத் திரையில் தெரிந்தது. "கண் மை வழிஞ்சிருக்கு பாரு" என்றார். "வெளிச்சம் அடிச்சதும் பயந்து அழுதுட்டான். நான் முந்தானையிலே துடைச்சு விட்டேன். சரியாத் துடைக்கலை." அப்புறம் அழுதார். அப்பா போனபோதுகூட அப்படி அழவில்லை.

"படமா அனுப்பறேன்மா, வச்சுப் பார்க்கலாம்" என்றேன்.

"அனுப்பு. இப்ப எடுக்காதே, அப்படியே காட்டு."

காட்டினேன். கை வலித்தபோது சரோஜாம்மா வாங்கிப் பிடித்துக்கொண்டார். அவர் கை வலித்தபோது நான் வாங்கினேன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

பேசி முடித்த பிறகு சரோஜாம்மா அந்தத் தாளை உருவி என்னிடம் நீட்டினார். "எட்த்துகினு போ. உங்கம்மா கைல குடு." நான் தயங்கியதைப் பார்த்து, "சும்மா இல்ல. ஜெராக்ஸ் எட்த்துக் குட்த்துட்டுப் போ. அந்த எடத்துல வெச்சித் தெச்சிக்கிறேன்" என்றார். தாளை நான் தொலைத்துவிடுவேன் என்று பயந்தோ என்னவோ, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவரும் கூடவே கிளம்பினார்.

ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. கடைக்காரர் தாளைக் கவிழ்த்து வைத்தார். டாக்டரும் அக்காவும் பேசிக்கொள்ளும் பக்கம் கறுப்பு வெள்ளையில் வெளியே வந்தது. சரோஜாம்மா அதை வெளிச்சத்தில் பிடித்து, எழுத்தெல்லாம் விழுந்திருக்கிறதா என்று கடைசி வரிவரை படித்துப் பார்த்தார். நான் மூலத் தாளைப் பைக்குள் வைக்கப் போனேன்.

"இரு, இரு. திருப்பிப் போடுப்பா. பின்பக்கமும் எடு" என்றார் கடைக்காரரிடம்.

"கதைப் பக்கம் மட்டும் போதாதாம்மா?" என்றேன்.

"அதெப்டி?" என்றார் சரோஜாம்மா. "இத்தினி வருசமா எங்க ஊட்லதானே இருந்துச்சு கொயந்த."